அட்டைப்பெட்டியின் மேல் ஒரு குடை

எனக்கு என்ன வேலை என்று என் மாமனார் ஊரான பாரிவாக்கத்தில் யாராவது கேட்டால் 'கம்ப்யூட்டர்' என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். முழுதாக விளக்கினால் எனக்கே சந்தேகம் வந்துவிடும். ஒரு நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வருகிறது என்றால், அதை ஊழியர்கள் தலையில் ஒரேயடியாகப் போடக்கூடாது. இந்த மாதம் இந்தப் பிரிவு, அடுத்த மாதம் அந்தப் பிரிவு என்று பார்த்துப் பார்த்து இறக்க வேண்டும். அதற்குத் திட்டம் போட்டுக் கொடுப்பவன் நான். ஆங்கிலத்தில் இதற்கு 'ஃபேஸ்-இன்' என்று பெயர். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் இத்தனை வருடமாகச் சோறு தின்கிறேன்.

சமீபத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலைக்கு இந்த வேலை வந்தது. வருகைப்பதிவு இனிமேல் செல்போனில். தொழிலாளர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு வேண்டும், 'ஃபேஸ்-இன்' என்றால் என்ன பொருள், அதற்கு வேறு என்னென்ன சொற்கள் உண்டு என்று நீயே எழுதிவிடு, நீதான் தமிழ் மீடியமாயிற்றே என்றார்கள். 'படிப்படியாக அறிமுகப்படுத்துதல்' என்று எழுதினேன். வாயில் நுழையவில்லை. 'கட்டம் கட்டமாக' என்றால் தேர்தல் நினைவு வந்தது. 'தவணை முறையில்' என்றால் மிக்ஸி விற்கிற ஆள் வந்து நின்றார். 'சிறுகச் சிறுக' கொஞ்சம் பரவாயில்லை. எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து 'பையப் பைய'வையும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் 'மொள்ள' என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அது என் மனைவியின் அத்தை சொல்கிற சொல்.

அத்தை என்றால் என் மாமனாரின் அக்கா. நான் முதலில் 'ஆன்ட்டி' என்றேன். அப்படிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். பிறகு மனைவி கூப்பிடுவதைப் பார்த்து நானும் 'அத்தை' என்றேன். பாதி திரும்பினார். "மாமனுக்கு அக்கான்னா உனுக்குப் பெரிம்மா மொறைடா கண்ணு" என்று அவர் சொன்னபோது எங்களுக்குக் கல்யாணமே ஆகிவிட்டிருந்தது. எனக்கு முறை தெரியாது என்பதைக்கூட அவர் ஒரே நாளில் சொல்லவில்லை.

மாமியார் எப்போதோ இறந்துவிட்டார்; என் மனைவியை வளர்த்தது பெரியம்மாதான். அந்த வீட்டில் மாமனாரின் கொள்கை, எதையும் முதல் தடவை கேட்கும்போது 'வேணாம்' என்பது. என்ன என்று பிறகு விசாரிப்பார். நிலமெல்லாம் மனைகளாகி, மனைகளெல்லாம் அடுக்குமாடிகளாகி, அவற்றில் எங்களைப் போல வெளியூர் ஐ.டி. ஆட்கள் குடிவந்து, சுற்றிலும் ஊரே மாறிவிட்டது. நடுவில் அவர் மட்டும் வீட்டுக்குப் பின்னால் மிச்சமிருந்த துண்டு நிலத்தில் கத்திரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு 'வேணாம்' சொல்லிக்கொண்டிருந்தார். மழையோ வெயிலோ கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அந்தக் குடைக்கும் இதில் பங்கு உண்டு.

பெரியம்மாவுக்கு வாஷிங் மெஷின் வேண்டும். கேட்டால் 'வேணாம்' என்று பதில் வரும் என்று தெரியும். அதனால் அவர் கேட்கவில்லை. எதிர் ஃப்ளாட்டில் மெஷின் வாங்கியவர்கள் வாசலில் போட்டிருந்த காலி அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து, பின்கட்டில் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார். அதில் பழைய துணியைப் போட்டுவைத்தார்.

"இன்னாக்கா இது, வழிய மறைச்சிகினு?" என்று மாமா சத்தம் போட்டார்.

"கெடக்குது உடு தம்பி. எலி துணியக் கடிக்குது."

மாமா சில நாள் அதை முறைத்தார். பிறகு அதைச் சுற்றி நடக்கப் பழகினார். பிறகு தோட்டத்திலிருந்து வந்ததும் குடையை அதன் மேல் வைக்க ஆரம்பித்தார். அந்தக் குடைக்காகத்தான் பெரியம்மா காத்திருந்தார் என்று என் மனைவி சொல்வாள். ஒருநாள் மாமா தோட்டத்திலிருந்து வந்தார், வழக்கம்போலக் குடையை வைத்தார், உள்ளே போனார், சாப்பிட்டார், தூங்கினார். மாலையில் குடையை எடுக்கப் போனபோதுதான் பெட்டி இருந்த இடத்தில் வெள்ளையாக மெஷின் நிற்பதைப் பார்த்தாராம். "பொட்டி எங்கக்கா?" என்று மட்டும் கேட்டாராம்.

இந்தக் கதையை முதல் தடவை கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் இதை உதாரணமாகச் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கினேன். அடுத்த அட்டைப்பெட்டி நான்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவியும் நானும் ஒரே அலுவலகம். கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவானதும் நான் நேராகப் போய் அவள் அப்பாவிடம் பேசுவதாகச் சொன்னேன். என்ன பேசுவது என்று ஆறு தலைப்புகளில் மனத்துக்குள் தயார் செய்திருந்தேன், முடிவில் கேள்வி நேரம் உட்பட. நான் வெளியூர், வேறு சாதி, வேறு மதம். பெயர் அந்தோணிமுத்து. அதற்குள் அவள் சொல்லி விஷயம் தெரிந்துகொண்ட பெரியம்மா என்னைப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடைக்கு வரச்சொல்லிப் பார்த்தார். என் ஆறு தலைப்புகளையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் பேசுற. எங்கியும் பேசிடாத," என்றார். "மொத்தத்தையும் ஒண்ணா கொண்டாந்து எறக்குனா எவனும் வாங்கமாட்டான் கண்ணு. மொள்ள வா. மொதல்ல பாதிப் பேரு வரட்டும். மீதிய வெளிய நிறுத்து."

அப்படித்தான் அந்த வீட்டுக்குள் முதலில் 'முத்து' போனான். அந்தோணி கேட்டுக்கு வெளியே நின்றான். "இவ ஆபீஸ்ல முத்துன்னு ஒரு பையனாம், லேப்டாப்பெல்லாம் நல்லா ரிப்பேர் பண்ணுவானாம்" என்று மாமா காதில் விழுகிற மாதிரி பெரியம்மா யாரிடமோ சொன்னார். பிறகு ஒரு நாள் அவர் வீட்டு டி.வி.யைச் சரிசெய்ய என்னை வரவழைத்தார். எனக்கு டி.வி.யைப் பற்றி ஒன்றும் தெரியாது. அணைத்துவிட்டுப் போட்டேன். அது ஓடியது. மாமா என்னை மரியாதையாகப் பார்த்தார். வாசலில் நிறுத்தியிருந்த என் பைக்கையும் ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். டயர் தேய்ந்திருந்தது, அதைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு எனக்குத் தண்ணீர் மட்டும்தான். அடுத்த தடவை மோர். அதற்கடுத்த தடவை டீ, அதுவும் நின்றுகொண்டே. நான் உட்காரப் போனால் பெரியம்மா கண்ணாலேயே தடுப்பார். பிறகு உட்கார்ந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் நான் வாயைத் திறக்கப் பார்ப்பேன், "டைம் ஆவுது, நீ கெளம்பு" என்று அனுப்பிவிடுவார். பொறுமை போய் நான் கல்யாணப் பெண்ணிடம் புலம்புவேன். அவள், "அத்தை செய்யுறத கெடுத்துடாதே" என்பாள்.

ஒரு நாள் பெண்ணுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்தபோது மாமாவே சொன்னாராம்: "ஏன்க்கா, அந்த முத்துப் பையனையே கேட்டா இன்னா?"

"எந்த முத்து?" என்று கேட்டாராம் பெரியம்மா.

அந்தோணி எப்போது உள்ளே வந்தான் என்று எனக்கே தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் முழுப் பெயரும் அச்சாகியிருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா எப்படியோ சரிக்கட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருந்தேன். வீட்டோடு மாப்பிள்ளையாக மட்டும் இருக்கமாட்டேன். எங்கள் ஊரில் அதைவிடக் கேவலம் வேறு கிடையாது. அதனால் காட்டுப்பாக்கத்தில் தனியாக வாடகைக்கு வீடு பிடித்தோம். ஒரு மழைநாளில் அங்கே தெருவில் தண்ணீர் நின்றதால் பாரிவாக்கத்தில் தங்கினோம். குளித்துவிட்டு வந்தால் கொடியில் எனக்கென்று ஒரு துண்டு. அடுத்த முறை போனபோது சட்டை மாட்ட ஒரு ஆணி. அப்புறம் எனக்குப் பிடித்த அகலத்தட்டு. அப்புறம், "வெயில்ல எதுக்கு அலையிற, இங்கியே ஒக்காந்து ஆபீஸ் வேல பாரு" என்று ஜன்னலோரம் ஒரு மேசை. கொஞ்ச நாள் கழித்துக் காட்டுப்பாக்கம் வீட்டுக்காரர் போன் செய்தார். "ஊருக்குப் போயிருக்கீங்களா சார், வீட்ல லைட்டே எரியலையே?" என்றார். அப்போதுதான் எங்கே குடியிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. ஊழியர்களை அவர்களுக்கே தெரியாமல் பழக்குவது எப்படி என்று வகுப்பெடுக்கிறவன் நான்.

உப்பு விஷயத்திலும் அப்படித்தான் ஏமாந்தேன். மாமாவுக்கு ரத்த அழுத்தம். பெரியம்மா சமையலில் உப்பைக் கிள்ளிக் கிள்ளிக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். நான் அம்பத்தூரில் வழக்கமாகச் சாப்பிடுகிற ஹோட்டலில், சாம்பாரில் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறீர்கள் என்று சண்டை போட்டேன். சர்வர் பக்கத்து மேசைக்காரரைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

எல்லாவற்றையும் மெல்ல மெல்லச் செய்தவர், போனது மட்டும் ஒரே காலையில். கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் இல்லை. எங்களைப் பழக்காமல் போய்விட்டாரே என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை அப்புறம் வந்தது, நிறைய நாள் இருந்தது. மாமா அதற்குப் பிறகு 'வேணாம்' சொல்வதைக்கூடக் குறைத்துக்கொண்டார். சொன்னால் பதிலுக்கு மல்லுக்கட்ட ஆள் இல்லை.

இதற்கிடையில் ஊரில் என் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள். எலும்பு முறியவில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துத்தான் தூக்கியிருக்கிறார்கள். இனி அவளைத் தனியாக விடமுடியாது. என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நான் இருப்பதே மாமனார் வீட்டில். வீட்டோடு மாப்பிள்ளை தன் அம்மாவையும் கூட்டிவந்து வைப்பதா? மாமா 'வேணாம்' என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு நான் அங்கே எந்த முகத்தோடு இருப்பேன்? அம்மாவை எங்கே கொண்டுபோவேன்?

"நைனாகிட்ட நேரா கேளு. இல்ல நான் கேக்கறேன்," என்றாள் என் மனைவி.

"உனக்கு இதெல்லாம் தெரியாது. இதுக்கு ஒரு முறை இருக்கு," என்றேன். பெரியம்மா இருந்த வீட்டில், அவர் வளர்த்த பெண்ணிடமே சொன்னேன்.

முதலில் அம்மாவோடு பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன், மாமா காதில் குரல் விழட்டும் என்று. பிறகு அம்மா கொடுத்துவிட்டதாகச் சொல்லி, பூந்தமல்லிக் கடையில் கருப்பட்டி வாங்கிவந்து கொடுத்தேன். பிறகு பெரியம்மா படுத்திருந்த அறையில் ஒரு காலிக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டேன். மாமா பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் குடையை அதன் மேல் வைப்பாரா என்று நான் தினமும் எட்டிப் பார்த்தேன். வைக்கவில்லை. அதற்கு மேல் பொறுக்க முடியாமல், கண்ணைக் காட்ட வேண்டும், நல்ல டாக்டர் இங்கேதான் இருக்கிறார் என்று ஒரு சாக்குச் சொல்லி அம்மாவைக் கூட்டிவந்துவிட்டேன். ஒரே ஒரு கட்டைப்பைதான் எடுத்துவர வேண்டும் என்று அவளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

"மாதா படத்தயாவது எடுத்துக்கிடட்டுமா ய்யா?" என்று கேட்டாள்.

"அது அடுத்த தடவைம்மா," என்றேன்.

கண்ணைக் காட்டியாயிற்று. கண்ணில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை நான் வீட்டில் சொல்லவில்லை. அம்மா சமையலறைப் பக்கம் போகமாட்டாள். டி.வி. முன்னால் உட்காரமாட்டாள். யார் வந்தாலும் எழுந்து நிற்பாள். நான் அலுவலகத்திலிருந்து வந்ததும் பக்கத்தில் வந்து மெதுவாக, "எப்பம்ய்யா போணும்?" என்று கேட்பாள். "பொறும்மா, பையப் பைய" என்பேன். என் திட்டம் நன்றாக நடந்துகொண்டிருப்பதாகத்தான் எனக்கு எண்ணம்.

ஒரு சாயங்காலம் மாமா என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். கத்திரிச் செடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்கம்மா இன்னும் பைய பிரிக்கல. பாத்தியா மாப்ள?"

நான் பார்க்கவில்லை.

"ஒரு பொடவைய எடுத்து கட்டிகினு, தொவச்சி, காயவெச்சி, மறுக்கா பையிலயே மடிச்சி வெக்கிறாங்க. எங்கக்காவும் அப்டித்தான் வந்தா. ஒரு ஒயர் கூடை. ஆடி மாசம், பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போற வழியில ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேன்னா."

பெரியம்மா அந்த வீட்டிலேயே பிறந்து அங்கேயே இருந்தவர் என்றுதான் நான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"அவ புருசன் குடிச்சிட்டு அடிப்பான்னு எனுக்குத் தெரியும். என் பொண்டாட்டி மொகத்தப் பாத்துகினு வாய மூடிகினு இருந்துட்டேன். அக்கா போவா, வருவா. வரச்சே ஒரு தலகாணி. அடுத்த தபா ஒரு சொம்பு. அப்புறம் ஒரு பொட்டி. ஒண்ணு ஒண்ணா கொண்டாந்து மூலையில வெப்பா. நானும் பாக்காத மாதிரி இருப்பேன்." மாமா ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார். "ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தபா அவன்கிட்ட போய் அடி வாங்கிகினு வந்துகீறா மாப்ள. எனுக்கு அது ரொம்ப நாள் கழிச்சித்தான் தெரிஞ்சிது. 'போவாதக்கா, எல்லாத்தயும் எடுத்துகினு வந்துடு'ன்னு ஒரு வார்த்த நான் சொல்லிருந்தா போதும். சொல்லலியே."

வாஷிங் மெஷின் கதைக்கு வாங்கிய கைதட்டல் ஞாபகம் வந்து உடம்பு கூசியது.

"அந்தப் பொட்டி மேல நான் கொடைய வெச்சனே, மெஷின் வரப்போதுன்னு தெரியாமயா வெச்சேன்? ஒடனே சரின்னா அவளுக்கு நம்பிக்க வராது. மொள்ள கொண்டாந்தாதான் அவளுக்கு தைரியம். சரி, அவ இஷ்டத்துக்கு நடக்கட்டும்னு வேணாம் வேணாம்னுகினே இருந்தேன்." திரும்பி என்னைப் பார்த்தார். "உன்னயும் அப்டித்தான். பாதிப் பேர வெச்சிகினு வந்தியே, உன் வண்டி முன்னாடி 'புனித அந்தோணியார் துணை'ன்னு கொட்ட எழுத்துல எழுதிகீது. எனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சிகினீங்களா ரெண்டு பேரும்?"

அந்த ஸ்டிக்கரை நானே ஒட்டினேன். ஒவ்வொரு ஞாயிறும் நானே துடைத்தேன். அந்தோணியைக் கேட்டுக்கு வெளியே ஒளித்துவைத்ததாக நினைத்துக்கொண்டு, அவர் வீட்டு வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறேன்.

"அவ இல்ல இப்போ. நீ இன்னாத்துக்கு அவ மாதிரி பண்ணிகினு கீற? இந்த ஊட்டுக்கு இனிமே யாரும் ஒண்ணு ஒண்ணா வர வேணாம். வண்டி வெச்சிகினு போ. உங்கம்மா சாமான் எல்லாத்தயும் ஒரே தபாவா எடுத்துகினு வா."

மறுநாளே அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். கட்டில், பித்தளைக் குடம், ஆட்டுக்கல், கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்த தகரப் பெட்டி, மாதா படம் என்று ஒன்று விடாமல் மினி லாரியில் ஏற்றினோம். அம்மா ஒவ்வொன்றுக்கும் "இதுவுமாய்யா?" என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் "இதுவும்தாம்மா" என்றேன். வழியெல்லாம் அவள் லாரியின் பின்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பாரிவாக்கத்தில் லாரி நின்றதும் மாமா தோட்டத்திலிருந்து வந்தார். சாமானைப் பார்த்ததும் பழையபடி ஆரம்பித்துவிட்டார். "இன்னாது இது, ஆட்டுக்கல்லா? வேணாம், வேணாம்! கிரைண்டர் கீது ஊட்ல! வழிய மறைச்சிகினு இதையெல்லாம் எங்க வெக்கிறது?"

அம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா சத்தம் போட்டுக்கொண்டே தகரப் பெட்டியைத் தானே இறக்கினார். தூக்கமுடியாமல் தூக்கி, பெரியம்மாவின் அறைக்குக் கொண்டுபோய், சுவரோரமாக வைத்தார். வெளியே வந்தபோது அவர் கையில் குடை இல்லை. எட்டிப் பார்த்தேன். அம்மாவின் பெட்டி மேல் இருந்தது.